நம்பிக்கைக்குரிய இடம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவில் கால்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். நான் எடுத்துக்கொண்ட மனிதர் ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் பிறந்த தாமஸ் என்கோனோ என்பவர். அவர் கோல் காப்பாளர். ஊர் ஊராக, அணி அணியாகச் சென்று ஆடியவர். ஆட்டக் காலம் முடிந்தபின் பயிற்சியாளராகி, தமக்குப் பின்வந்தவர்களை ஆளாக்கியவர். இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் நாம், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் என்ன செய்ய வேண்டும் என்று சிந்திக்கும் வேளையில் அவருடைய வாழ்க்கை நமக்கு வழிகாட்டும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சில சொற்கள். கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். பத்துப்பேர் ஓடி ஆடுகிறார்கள். ஒருவர் மட்டும் கோல் கம்பங்களுக்கு இடையே நிற்கிறார். அந்தக் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பதினொரு மீட்டர் தொலைவிலிருந்து பெனால்டி உதை உதைக்கப்படும்போது, பந்து அரை நொடிக்குள் கோலுக்கு வந்துவிடுகிறது. முன்கள ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஒன்றைக் கோலாக்கினால் வீரர் என்று புகழப்படுகிறார். கோல் காப்பாளர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றுதான் பேசப்படுகிறது. ஆகவே அது நம்பிக்கைக்குரிய இடம். பின்னால் இவர் இருக்கிறார் என்ற துணிவில்தான் மற்றப் பதின்மரும் முன்னேறிச் செல்கிறார்கள்.

நம் ஊர்த் திடல்களில் இதே இடம் எப்படி நிரப்பப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓட மாட்டாதவனையும், சேர்த்துக்கொள்ள மனமில்லாதவனையும் பார்த்து, 'நீ போய்க் கோலில் நில்' என்பார்கள். முள்ளும் சரளையும் கிடக்கும் கட்டாந்தரையில் விழுந்து புரள வேண்டிய வேலை அல்லவா? வேலை கடினமாகவும் மதிப்பற்றதாகவும் இருக்கும்வரை அது எளியவனுக்கு ஒதுக்கப்படுகிறது. அதே வேலைக்குப் பெருமையும் பொறுப்பும் ஊதியமும் வந்து சேரும்போது, 'இவர்களை நம்பி இதை ஒப்படைக்க முடியுமா?' என்ற கேள்வி எழுகிறது. இது விளையாட்டுத் திடலின் கதை மட்டும்தானா என்பதை உங்கள் எண்ணத்திற்கே விடுகிறேன்.

கறுப்பின மக்களைப் பற்றி இந்தக் கேள்வி நெடுங்காலம் எழுப்பப்பட்டது. அவர்கள் வேகமாக ஓடுவார்கள், உயரத் தாவுவார்கள். ஆனால் கோல் காப்பாளருக்கு வேண்டிய நிதானமும் முன்னறிவும் அவர்களிடம் இல்லை என்று ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் பலர் எளிதாகச் சொல்லி வந்தனர். வரலாறு இதை ஒப்புக்கொள்ளவில்லை. உலகில் கூலி பெற்றுக் கால்பந்து ஆடிய முதல் கறுப்பின வீரர் என்று அறியப்படும் ஆர்தர் வார்ட்டன் ஒரு கோல் காப்பாளரே. 1865-ல் இன்றைய கானா நாட்டின் அக்ராவில் பிறந்த அவர், இங்கிலாந்து சென்று, 1886-ல் நூறு கஜ ஓட்டத்தைப் பத்து நொடியில் ஓடிப் பெயர் பெற்றார். பிரஸ்டன், ராதர்ஹாம், ஷெஃபீல்டு என்று பல ஊர் அணிகளுக்குக் கோல் காத்தார். பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, 1930-ல் வறுமையில் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது 1997-ல்தான்.

பிரேசில் நாட்டின் மொவாசிர் பார்போசாவின் கதை இதனினும் துயரமானது. 1950-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், ரியோ டி ஜெனிரோ நகரின் மாரக்கானா அரங்கில், உருகுவே அணியிடம் பிரேசில் 1-2 என்று தோற்றது. ஆட்டம் முடியப் பதினொரு நிமிடங்கள் இருந்தபோது விழுந்த ஒரு கோலுக்காகக் கறுப்பினத்தவரான பார்போசா, 2000-ல் தாம் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் பழி சுமந்தார். தம் நாட்டில் கொடுங்குற்றத்திற்கும் முப்பது ஆண்டுகளே தண்டனை என்றும், தாமோ ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவித்து வருவதாகவும் அவர் மனம் நொந்து சொன்னதுண்டு. 1993-ல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமைக் காணச் சென்றபோது, தீய சகுனம் என்று கருதி அவரை உள்ளே விடவில்லை. தோற்றது பதினொருவர், தண்டனை ஒருவருக்கு. அந்தப் பழியின் நிழல் அவருக்குப் பின்வந்த கறுப்பினக் கோல் காப்பாளர்கள்மீதும் படிந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. கிரிக்கெட் ஆட்டத்தில் பல்வங்கர் பாலு என்னும் பந்துவீச்சாளர், தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் வீசிய பந்து வேண்டியிருந்தது. அவர் குடித்த குவளை மட்டும் தனியாக வைக்கப்பட்டது. இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. போராடிய பின்னரே அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-ல் அது கிடைத்தது. உழைப்பை ஏற்றுக்கொண்டு பொறுப்பை மறுப்பது இரண்டு கண்டங்களிலும் ஒரே மாதிரியாக நடந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில் என்கோனோவின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் 1956-ல் கேமரூனின் டிசாங்கே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் இளைஞராக இருந்த 1970-களில் கேமரூன் நாட்டு அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர்களுள் விளாதிமிர் பெயாரா ஒருவர். அவர் யுகோஸ்லாவிய நாட்டுப் புகழ்பெற்ற கோல் காப்பாளர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணியில் ஆடியவர். கோல் காப்பதும் கற்பித்துக் கற்க வேண்டிய கலையே என்பதை இத்தகையோர் வரவு உணர்த்தியது. 'ஆப்பிரிக்கர்க்கு அது இயல்பாக வராது' என்று சொல்லப்பட்ட கலை, முறையாகக் கற்பிக்கப்பட்டவுடன் ஒரே தலைமுறையில் உலகத் தரமான இருவரை அந்நாட்டில் தோற்றுவித்தது. ஒருவர் என்கோனோ, மற்றவர் ஜோசப் அந்துவான் பெல். இயல்பாக வராது என்று நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கும் ஆங்கிலமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

தலைநகரான யாவுண்டேயின் கானோன் அணியில் என்கோனோ பெயர் பெற்றார். அவ்வணி 1978-லும் 1980-லும் ஆப்பிரிக்கக் கழகங்களின் வாகையர் கோப்பையை வென்றது. 1979-லும் 1982-லும் ஆப்பிரிக்காவின் சிறந்த கால்பந்து வீரர் என்ற விருது அவருக்கு வழங்கப்பட்டது. கோல் அடிப்பவர்களுக்கே பெரும்பாலும் போய்ச் சேரும் அவ்விருதைக் கோல் காப்பவர் ஒருவர் இருமுறை பெற்றது அரிய செய்தி.

1982-ல் ஸ்பெயின் நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. கேமரூன் அதில் ஆடியது அதுவே முதல்முறை. பெரு அணியுடன் 0-0, போலந்துடன் 0-0, இத்தாலியுடன் 1-1. மூன்று ஆட்டங்களிலும் என்கோனோ விட்ட கோல் ஒன்றே ஒன்று. ஓர் ஆட்டத்திலும் தோற்காமலேயே கேமரூன் வெளியேறியது. இத்தாலியும் கேமரூனும் சம நிலையில் இருந்தபோதும், இத்தாலி இரண்டு கோல்கள் அடித்திருந்தது, கேமரூன் ஒன்றே அடித்திருந்தது என்ற கணக்கில் இத்தாலி அடுத்த சுற்றுக்குச் சென்று, இறுதியில் கோப்பையையே வென்றது. தோற்காமல் வெளியேற்றப்படுவது எப்படியிருக்கும் என்பதை, மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காமல் திரும்பிய நம் இளைஞர்கள் அறிவார்கள்.

ஆயினும் அந்த மூன்று ஆட்டங்கள் ஒரு கதவைத் திறந்தன. பார்சலோனா நகரத்தில் இரண்டு பெரிய அணிகள் உண்டு. பெயரும் செல்வமும் மிக்கது ஒன்று. அதன் நிழலில் வாழ்வது மற்றொன்று. அந்த இரண்டாவது அணியான எஸ்பான்யோல் என்கோனோவை அழைத்தது. அக்காலத்தில் ஸ்பெயின் அணிகளில் அயல்நாட்டவர் மிகச் சிலரே ஆடலாம் என்ற விதி இருந்தது. அந்த அரிய இடத்தைக் கோல் அடிப்பவருக்குக் கொடுப்பதே வழக்கம். அதை ஆப்பிரிக்கக் கோல் காப்பாளர் ஒருவருக்குக் கொடுத்தது துணிவான செயல். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் அந்தக் கோலைக் காத்தார். பனிக்கால ஆட்டமானாலும் வெயில் காலமானாலும் நீண்ட கால்சட்டை அணிந்தே ஆடுவது அவர் வழக்கம். கட்டாந்தரையில் விழுந்து பழகியவருக்கு அதன் அருமை தெரியும்.

அங்கும் ஏற்றமும் இறக்கமும் இருந்தன. 1988-ல் எஸ்பான்யோல் ஐரோப்பாவின் யூயெஃபா கோப்பை இறுதிக்குச் சென்றது. ஜெர்மனியின் லெவர்கூசன் அணியை முதல் ஆட்டத்தில் தன் மண்ணில் 3-0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் அந்த அணி அதே 3-0 கணக்கைத் திருப்பிக் கொடுத்தது. பெனால்டி உதைகளில் கோப்பை கைநழுவியது. அடுத்த ஆண்டே, 1989-ல், எஸ்பான்யோல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. என்கோனோவின் பெயர் மெல்ல மறக்கப்படலாயிற்று.

இங்கே பெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டு அணியில் கோல் காப்பாளர் இடம் ஒன்றே, தகுதியானவர் இருவர். இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமான காலம் இந்த இருவரும் அந்த ஓரிடத்திற்குப் போட்டியிட்டனர். பெல் எகிப்திலும் பின்னர் பிரான்சிலும் ஆடினார். தாம் முன்பு ஆடிய மார்செய் நகரத்திற்கே வேறோர் அணியின் கோல் காப்பாளராக அவர் திரும்பி வந்தபோது, கூட்டத்தினர் அவர்மீது வாழைப்பழங்களை எறிந்து இழிவுபடுத்தினர். அதைப் பொறுத்துக்கொண்டும் எதிர்த்துப் பேசியும் ஆடியவர் அவர். ஓரிடத்திற்கு இருவர் போட்டியிடும்போது ஒருவரை ஒருவர் வீழ்த்துவது உலக வழக்கம். நமக்கென ஒதுக்கப்படும் ஓரிரு இடங்களுக்காக நமக்குள்ளேயே பிரிந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். இந்த இருவருடைய போட்டியோ இருவர் தரத்தையும் உயர்த்தியது. கேமரூன் கோலுக்கு எக்காலத்திலும் தகுதியான ஒருவர் ஆயத்தமாக இருந்தார்.

1990-ல் இத்தாலியில் உலகக் கோப்பை. முதன்மைக் கோல் காப்பாளராகப் பெல்லே நிற்பார் என்று எதிர்பார்க்கப்பட்டது. அணியின் ஆயத்தத்தைக் குறைகூறி அவர் செய்தியாளர்களிடம் பேசியதால், தொடக்க ஆட்டத்திற்குச் சற்று முன்னர் அவரை நிறுத்திவிட்டு என்கோனோவைக் களம் இறங்கச் சொன்னார்கள். எதிரே மரடோனா தலைமையில் நடப்பு வாகையரான அர்ஜென்டினா. என்கோனோவுக்கு வயது முப்பத்துநான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூன் 8-ஆம் நாள் மிலான் நகரில் அந்த ஆட்டம் நடந்தது. கேமரூன் அணியில் முதலில் ஒருவர் வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பதின்மரில் ஒமாம் பியிக் 67-ஆம் நிமிடத்தில் தலையால் முட்டிய பந்து, அர்ஜென்டினக் கோல் காப்பாளரின் கையில் பட்டு வழுவி உள்ளே சென்றது. இறுதியில் கேமரூனின் இன்னொருவரும் வெளியேற்றப்பட, ஒன்பது பேராக நின்று 1-0 என்று வென்றார்கள். அன்று நிதானம் தவறிய கை ஆப்பிரிக்கரின் கையன்று என்பதை உலகம் முழுவதும் பார்த்தது.

அந்த அணி ருமேனியாவையும் கொலம்பியாவையும் வென்று, கால் இறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணியாயிற்று. அங்கே இங்கிலாந்திடம் கூடுதல் நேரத்தில் 2-3 என்று, இரண்டு பெனால்டி உதைகளால் தோற்றது. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. அழைப்பு வரும் என்று தெரியாமலே, மறக்கப்பட்ட நிலையிலும், ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்தவர் என்பதால்தான் சில மணி நேர முன்னறிவிப்பில் அவரால் அந்த இடத்தில் நிற்க முடிந்தது. தேர்வு அறிவிப்பு வந்தபின் படிக்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்.

புகழின் உச்சியைத் தொட்டவர்கள் அத்துடன் விலகிவிடுவதும் உண்டு. என்கோனோ விலகவில்லை. பார்சலோனாவை அடுத்த சபதெல் ஊரின் அணிக்குச் சென்றார். அது இரண்டாம் பிரிவு அணி. பின்னர் லோஸ்பிதாலெத் என்னும் புறநகர் அணிக்குச் சென்றார். அது அதற்கும் கீழ்ப் பிரிவில் ஆடியது. இரண்டு முறை ஆப்பிரிக்காவின் சிறந்த வீரரானவர், சில ஆயிரம்பேர்கூட வராத திடல்களில் அதே அக்கறையுடன் கோல் காத்தார். இடையில் 1992-ல் ஆட்டத்தின் விதியே மாறியது. தம் அணியினர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் பிடிக்கக் கூடாது என்று ஆயிற்று. கைகளையே நம்பி வளர்ந்த கோல் காப்பாளர்கள் எல்லாம் கால்களால் ஆடக் கற்க வேண்டியதாயிற்று. முப்பத்தாறு வயதில் தம் தொழிலை மீண்டும் முதலிலிருந்து படித்தவர் அவர்.

1994-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்கும் கேமரூன் அணியில் அவர் பெயர் இருந்தது. ஆடும் வாய்ப்பு வரவில்லை. அதே ஆண்டு தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரிலுள்ள பொலிவார் அணியில் சேர்ந்தார். அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகையின் உயரம் 2,240 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூச்சு முட்டும் உயரம். காற்று மெலிந்திருப்பதால் பந்தைத் தடுக்கும் விசை குறைந்து, அது வழக்கத்தைவிட விரைந்து வருகிறது. கண்ணும் கையும் பழகிய கணக்கெல்லாம் அங்கே செல்லாது. அங்கும் நிலைத்து ஆடி, 1997-ல், நாற்பது வயது கடந்தபின் ஓய்வு பெற்றார். மூன்று கண்டங்கள், பல அணிகள், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள். சிறிய இடம் என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. சிறிய ஊர்ப் பள்ளிக்கு மாறுதல் ஆணை வந்தால் சோர்ந்துபோகும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அவையோரே! இதுவரை சொன்னது ஆட்டக்காரரின் கதை. இனிச் சொல்வதே என் உரையின் நோக்கம். ஓய்வுக்குப்பின் என்கோனோ கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி தரும் பணியை மேற்கொண்டார். இப்பணியில் புகழ் இல்லை. நாள்தோறும் அதிகாலையில் திடலுக்குச் சென்று, ஓர் இளைஞனை நோக்கி நூறு பந்துகளை உதைக்க வேண்டும். கால் வைக்கும் இடத்தையும், உடல் திரும்பும் கோணத்தையும், பந்தைப் பிடிப்பதா குத்தித் தள்ளுவதா என்று முடிவெடுக்கும் நொடியையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்ட நாளில் எல்லைக் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பணியிலும் அவமதிப்பு அவரைத் தொடர்ந்தது. 2002 பிப்ரவரியில் மாலி நாட்டில் ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதி ஆட்டம். கேமரூன் அணியின் கோல் காப்பாளர் பயிற்சியாளராக அவர் ஆட்டத்திற்கு முன் திடலில் நின்றபோது, காவலர்கள் அவரைச் சூழ்ந்து பிடித்துக் கைவிலங்கிட்டு இழுத்துச் சென்றனர். ஆடுகளத்தில் மந்திரப் பொருளைப் போட்டார் என்பது குற்றச்சாட்டு. அன்று கேமரூன் 3-0 என்று வென்றது; பின்னர் இறுதி ஆட்டத்தில் செனகலை வென்று கோப்பையையும் பெற்றது. இதைச் செய்தவர்கள் வெள்ளையரல்லர்; அவருடைய கண்டத்தினரே. பிறர் நம்மைப்பற்றி வைத்திருக்கும் மதிப்பீட்டை நாமே நம்பத் தொடங்கினால் இத்தகைய கேடு நேர்கிறது. உழைத்துப் பெற்ற திறமையை மாயம் என்றார்கள். நம் பிள்ளை ஒருவன் தேர்வில் முன்னே வந்தால், அவன் விடிய விடியப் படித்ததை விட்டுவிட்டுச் சலுகை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள் அல்லவா? அதுவும் இந்த வகைக் கைவிலங்கே.

என்கோனோ அதனால் பணியை விடவில்லை. தாம் ஆடிய எஸ்பான்யோல் அணிக்கே திரும்பி, அங்கே கோல் காப்பாளர் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கேமரூனின் கார்லோஸ் கமேனி, 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் பதினாறு வயதிலேயே தங்கப் பதக்கம் பெற்ற கோல் காப்பாளர். அவர் 2004-ல் எஸ்பான்யோலுக்கு வந்து, எட்டு ஆண்டுகள் அந்தக் கோலைக் காத்தார். முன்பு என்கோனோ தனியொருவராக நின்ற அதே அணியில், அவருடைய நாட்டு இளைஞர் அவர் கண்பார்வையில் நின்றார். முதலாமவர் வந்தபோது அது அதிசயம். இரண்டாமவர் வந்தபோது அது வழக்கமாகத் தொடங்கிவிட்டது.

2009-ல் கேமரூன் நாட்டு அணியின் தலைமைப் பயிற்சியாளர் விலகியபோது, சிறிது காலம் என்கோனோவிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பின்னர் பிரான்சு நாட்டவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். 'தலைமையாசிரியர் (பொறுப்பு)' என்று கையெழுத்திட்டே பல ஆண்டுகள் பணியாற்றியவர்களை நம் துறையில் நாம் அறிவோம். அந்த அடைப்புக்குறியின் கனம் அவர்களுக்குத் தெரியும். பதவி தற்காலிகமாக இருந்தாலும் பணி தற்காலிகமாவதில்லை.

அவருடைய மாணவர்களுள் அவர் அறியாமலே உருவான ஒருவரும் உண்டு. 1990-ல் கேமரூன் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் கண்ட பன்னிரண்டு வயது இத்தாலியச் சிறுவன், நடுக்களத்தில் ஆடுவதை விட்டுக் கோல் காப்பாளராக மாறினான். அவன்தான் 2006-ல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வென்று தந்த கோல் காப்பாளர் ஜான்லூஜி புஃபோன். தம் மூத்த மகனுக்கு லூயி தாமஸ் என்று என்கோனோவின் பெயரைச் சேர்த்தே பெயரிட்டார். கறுப்பின மனிதர் கோல் காக்கத் தகுதியற்றவர் என்று சொன்ன அதே ஐரோப்பாவில், ஒரு வெள்ளைச் சிறுவன் கறுப்பின மனிதரைத் தன் ஆசானாக மனத்தில் வரித்துக்கொண்டான். 2014-ல் எந்த அணியும் ஏற்காமல் ஓராண்டு வேலையின்றி இருந்த செனகல் நாட்டு அணியின் எட்வார் மெண்டி, 2021-ல் செல்சி அணியுடன் ஐரோப்பிய வாகையர் கோப்பையை வென்று, அவ்வாண்டின் உலகச் சிறந்த கோல் காப்பாளர் என்ற விருதையும் பெற்றார். பழைய கேள்வி இன்று முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விடை கிடைத்துவிட்டது.

இனி நம் சங்கத்திற்கு வருகிறேன். அண்ணல் அம்பேத்கர் 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். தாம் படித்து உயர்ந்ததோடு நின்றிருந்தால் அவர் ஒரு பேரறிஞராக மட்டும் இருந்திருப்பார். பிறர் படிப்பதற்கான இடத்தை உண்டாக்கியதால்தான் நமக்குத் தலைவரானார். அந்த வழியில் தோன்றியதே நம் சங்கமும். நம் தெருவில் முதல் பட்டதாரி வந்தபோது மாலையிட்டு வரவேற்றோம். இன்று ஆசிரியர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள், வங்கி அலுவலர்கள் நம்மில் இருக்கிறார்கள். இது பெருமையே. ஆயினும் மாலை வேளையில் நம் படிப்பு மையத்தின் கதவைத் திறந்து பாருங்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள்; விளக்கு இருக்கிறது; கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

வேலைக்குச் சென்ற நம்மவர்களை நான் குறைகூற வரவில்லை. நகரத்தில் வாடகை வீடு தேடும்போது ஊர் எது, தெரு எது என்று துருவிக் கேட்கிறார்கள். தம் பிள்ளைகளாவது அந்தக் கேள்வி இல்லாமல் வளரட்டும் என்று அவர்கள் ஒதுங்கி வாழ்வது புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் எல்லாரும் ஒதுங்கிவிட்டால், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தனியாக வந்து அதிசயமாக நிற்பார்; அவருக்குப் பின் இடம் மீண்டும் வெறுமையாகிவிடும். பார்போசாவுக்கு நேர்ந்ததும் அதுதான்: தனியாக நின்றவர் தவறினால் இனமே தவறியதாகச் சொல்லிவிடுவார்கள். பலர் வரிசையாக நின்றால், ஒருவர் தவறினாலும் அது ஒருவர் தவறாகவே நிற்கும்.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, இச்சங்கத்தின் உதவியால் படித்து வேலை பெற்ற ஒவ்வொருவரும் மாதத்தில் இரண்டு மாலைகளை நம் படிப்பு மையத்திற்குத் தர வேண்டும். நன்கொடையை நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். ஆனால் பக்கத்தில் அமர்ந்து தவறைத் திருத்தும் கையை நன்கொடையால் வாங்க முடியாது. இரண்டாவது, பெண்பிள்ளைகளை இம்மையத்தின் பொறுப்புகளில் அமர்த்த வேண்டும். கணக்கு வழக்கும் சாவியும் அவர்கள் கையில் இருக்கட்டும். பொறுப்பு மறுக்கப்படுவதன் வலியை அறிந்த நாம், நம் வீட்டிலேயே அதை மறுக்கலாகாது. மூன்றாவது, தோற்ற பிள்ளையைக் கைவிடக் கூடாது. ஒரு பாடத்தில் தவறியவன் பள்ளியை விட்டுச் செங்கல் சூளைக்கோ பின்னலாடைத் தொழிற்சாலைக்கோ போய்விட்டால், அவன் விட்ட ஒரு கோலுக்காக நாம் அவனை வாழ்நாள் முழுவதும் தண்டித்தவர்களாவோம். அடுத்த தேர்வுக்கு அவனை ஆயத்தம் செய்வதே பயிற்சியாளரின் கடமை.

மாணவ மாணவியரே! உங்களுள் எல்லாரும் உச்சிக்குச் செல்வீர்கள் என்று நான் பொய்யுரை கூற மாட்டேன். சிலருக்குப் பெரிய இடம் கிடைக்கும். பலருக்குச் சிறிய இடமே கிடைக்கும். எந்த இடமானாலும், இவரை நம்பி இதை ஒப்படைக்கலாம் என்று பிறர் சொல்லும்படி நில்லுங்கள். பின்பு, உங்கள் தெருவிலிருந்து இன்னொருவரை அழைத்து வந்து அருகில் நிறுத்துங்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பொன் விழாக் கொண்டாடும்போது, எத்தனைபேர் படித்தார்கள் என்ற கணக்கோடு, படித்தவர்களில் எத்தனைபேர் திரும்பி வந்து கற்பித்தார்கள் என்ற கணக்கையும் இம்மேடையில் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.